ஒரு தடவை அழுத்தினால் போதும்

பிப்ரவரி 9

குட்டிக்கு,

போனை விட்டுவிட்டு ஏன் கடிதம் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். இந்த வீட்டின் சுவர்கள் எப்படி என்று உனக்குத் தெரியும். நான் குளியலறையில் பல் துலக்கினால் கூடத்தில் கேட்கும். என் புருஷனைப் பற்றி அவர் தங்கையிடம் போனில் புலம்ப வேண்டுமென்றால் தெருவுக்குத்தான் போக வேண்டும். தெருவில் அதைவிடக் காது அதிகம். அதனால் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மத்தியானத்தில் கண்ணாடி போட யாரும் வருவதில்லை. முதலாளி உள்ளே லென்ஸ் தேய்த்துக்கொண்டிருக்கிறார். நான் ஏதோ ஆர்டர் எழுதுவதாக அவருக்கு நினைப்பு.

விஷயம் இதுதான். உன் அண்ணன் பேசுவதை நிறுத்திவிட்டார்.

"அவன் என்னைக்குப் பேசினான்?" என்பாய். வாஸ்தவம்தான். ஆனால் பேசாத ஆளுக்கும் ஒரு பேச்சு உண்டு. கூட இருக்கிறவளுக்கு அது கேட்கும். வேலையிலிருந்து வந்தால் சட்டையைக் கழற்றிக்கொண்டே எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் மக்கர் பண்ணியது என்று சொல்வார். லிஃப்ட்டுகளை ஆட்களைப் போலத்தான் சொல்வார். இது முசுடு, அது சோம்பேறி, இன்னொன்றுக்குத் தலைக்கனம். எங்கள் கட்டடத்து லிஃப்ட்டின் பட்டனை நான் படபடவென்று அழுத்திக்கொண்டே நிற்பேன். அவர் பின்னால் நின்றுகொண்டு, "எத்தன தடவ அமுக்கினாலும் அது ஒரு தடவதாம்மா வரும்" என்பார். கல்யாணமான நாளிலிருந்து இதே ஜோக். நானும் ஒவ்வொரு தடவையும் முறைப்பேன். போன மாதத்திலிருந்து நான் அழுத்துகிறேன், அவர் பின்னால் நிற்கிறார், ஒன்றும் சொல்வதில்லை.

கேட்டேன். நானாவது கேட்காமல் இருப்பதாவது!

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்படி இருக்கு?"

"டயர்டா இருக்கு."

அதற்கு மேல் நான் கத்தினேன். அவர் எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைக் கழற்றிப் பழுது பார்த்தார். நன்றாக இருந்த குழாய். இப்போது சொட்டுகிறது.

நீதான் கம்பெனிக்காரர்களுக்கு ஆட்களைப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிற டீச்சராயிற்றே. போன தடவை வந்தபோது எங்கள் இருவரையும் உட்காரவைத்து ஏதேதோ கேள்வி கேட்டு, நான் இன்ன வகை, அவர் இன்ன வகை என்று சொன்னாய். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்தது ஞாபகம் இருக்கிறது, சொன்னது மறந்துவிட்டது. திரும்பச் சொல். எப்படிப் பேசினால் இந்த மனுஷன் வாயைத் திறப்பார்?

அண்ணி


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதம் அலுவலக முகவரிக்கு வந்தது. வரவேற்பில் இருக்கும் பெண் அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்தாள், பழைய காலத்துப் பொருள் ஒன்று மண்ணிலிருந்து கிடைத்துவிட்ட மாதிரி. எனக்கு அவ்வளவு சந்தோஷம். நானும் கையால் எழுதுகிறேன். என் அறையின் சுவர்கள் கனமானவை. பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்பதே எனக்கு இன்னும் தெரியாது.

வகுப்பில் நான் நான்கு நாற்காலி போடுவேன், ஆள் வகைக்கு ஒன்று. முந்தி, பேச்சாளி, நிதானி, நுணுக்கி. பெயர்கள் நான் வைத்தவை. கம்பெனி கொடுத்த பெயர்கள் யார் வாயிலும் நுழையவில்லை. நீங்கள் முந்தி. மனதில் தோன்றியது அந்த நிமிடமே வாய்க்கு வந்தாக வேண்டும், பதிலும் அந்த நிமிடமே கிடைத்தாக வேண்டும். அண்ணன் நிதானி. அவனுக்குள் ஒரு பேச்சு ஓடி முடிந்த பிறகுதான் வெளியே ஒரு வார்த்தை வரும். நடுவில் கேட்டால் உள்ளே முதலிலிருந்து ஆரம்பிப்பான். முந்தி கேட்கக் கேட்க நிதானி ஒதுங்குவான், அவன் ஒதுங்க ஒதுங்க முந்தி துரத்துவாள். இதைச் சொல்லும்போது வகுப்பில் யாராவது இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கும்.

சின்ன வயதில் ஒரு தடவை அண்ணன் கணக்குப் பரீட்சையில் தோற்றுவிட்டான். அப்பா கேட்டார், அம்மா கேட்டாள், கெஞ்சியும் மிரட்டியும் பார்த்தார்கள். வாயே திறக்கவில்லை. நான் எதுவும் கேட்காமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் அவனாகவே என்னிடம் சொன்னான். அவனுடைய பூட்டுக்குச் சாவி என்னிடம் இருக்கிறது என்ற பெருமை அன்றைக்கு வந்தது. இன்னும் போகவில்லை.

அதனால் இனிமேல் கேட்காதீர்கள். ஒரே ஒரு தடவை இப்படிச் சொல்லுங்கள்: "உங்களுக்கு எப்பத் தோணுதோ, அப்பச் சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கேன்." 'தோணுதோ' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

உங்களுக்கு இது மலையைப் புரட்டுகிற வேலை. ஆனால் அவன் திறப்பான், பாருங்கள்.

குட்டி


மார்ச் 6

குட்டிக்கு,

சொன்னேன். கடைக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். நீ சொன்ன இடத்தில் நிறுத்தினேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்த பார்வை இருக்கிறதே, வீடு மாறி வந்து உட்கார்ந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தவர் மாதிரி. "சரி" என்றார். சாப்பிட்டு முடித்தார்.

அன்றிலிருந்து வாயைக் கட்டிப்போட்டிருக்கிறேன். நாக்கு கடிபட்டுக் கடிபட்டுப் புண்ணாகியிருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று கடைக்கு அவருடைய கூட்டாளியின் மனைவி வந்தாள். இவரும் அந்தக் கூட்டாளியும் எத்தனையோ வருஷமாக ஜோடியாகத்தான் லிஃப்ட் வேலைக்குப் போகிறார்கள், உனக்கும் அவரைத் தெரியும். உன் கல்யாணப் பேச்சு நின்றுபோனபோது, "விடுமா, அவனுக்குக் குடுத்து வெக்கல" என்று வாசலில் நின்று சத்தம் போட்டாரே, அவர். அவர் ஊருக்குப் போயிருப்பதாகத்தான் உன் அண்ணன் என்னிடம் சொல்லியிருந்தார்.

அவளுக்குப் படிக்கிற கண்ணாடி வேண்டுமாம். மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இதுவா?" என்று கேட்டுக்கொண்டே, "வீட்டுக்காரர் ஊர்லேருந்து வந்துட்டாரா?" என்றேன்.

"எந்த ஊரு?" என்று சட்டத்தோடு திரும்பினாள். லென்ஸுக்குப் பின்னால் கண் இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. "உங்களுக்குத் தெரியாதாக்கா? கை போயிடுச்சுக்கா. வலது கை. மூணு விரல்."

மேலே மோட்டார் அறையில் கயிறு ஓடும் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். லிஃப்ட் ஓடிவிட்டதாம். ஓட்டியது யார் என்று அவள் சொல்லவில்லை. என் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வாள்? அந்த வேலைக்கு இரண்டு பேர்தான் போவார்கள்.

"உங்க வீட்டுக்காரர் வாராவாரம் வந்து உக்காந்துட்டுப் போறாரு. வாயே தொறக்க மாட்டேங்குறாரு. இவரும் பேச மாட்டேங்குறாரு. நீங்களாவது ஏதாவது கேளுங்கக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எந்த லென்ஸ் தெளிவு என்று கடைசிவரை சொல்லவே இல்லை. குத்துமதிப்பாக ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன்.

ராத்திரி அவர் கதவைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். அவள் சொல்லியிருப்பாள். செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே கொஞ்சநேரம் நின்றார். நானும் நின்றேன். தொண்டை வரை வந்தது, குட்டி. உன் வார்த்தையை நினைத்து விழுங்கினேன்.

இப்போதாவது கேட்கட்டுமா? சீக்கிரம் எழுது.

அண்ணி


மார்ச் 15

அன்புள்ள அண்ணி,

கடிதத்தைப் படித்தேன். அந்தக் கூட்டாளி அண்ணனின் கை என் கண்முன்னாலேயே நிற்கிறது. பேசும்போது அந்தக் கையை ஆட்டாமல் அவருக்குப் பேசவே வராது.

இருந்தாலும் சொல்கிறேன். கேட்காதீர்கள். இப்போது நீங்கள் கேட்டால் அது விசாரணையாகிவிடும். நிதானிக்கு ஒரு குற்றவுணர்ச்சியும் சேர்ந்துகொண்டால் அவன் முழுவதுமாகச் சாத்திக்கொள்வான். சாத்தியபிறகு திறக்க வருஷங்கள் ஆகும். அவனாக வரட்டும். அவன் வருவதற்குத் தயாராகிக்கொண்டுதான் இருக்கிறான். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஒருவர் என்னிடம் சொன்னதை இன்னொருவர் காதில் போடுவதில்லை என்பது என் வேலையில் முதல் பாடம். வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறேன். உங்கள் கடிதங்களைப் பற்றியும் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? நேற்று வகுப்பில் உங்களைப் பற்றிச் சொன்னேன். யார் என்று சொல்லவில்லை. ஒரு முந்தி, தனக்குப் பிடித்தவனுக்காக எவ்வளவு அழகாக அடங்கக் கற்றுக்கொண்டாள் என்று. எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

இன்னும் கொஞ்சம்தான், அண்ணி.

குட்டி


ஏப்ரல் 20

குட்டி,

ஒரு மாதத்துக்கு மேல் உனக்கு எழுதவில்லை. அடங்கிய முந்தியாக இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சத்தமே இல்லை. "உப்பு?" "இந்தாங்க." "கதவு?" "சாத்தியாச்சு." பக்கத்து வீட்டம்மா படிக்கட்டில் என்னை நிறுத்தி, "இப்பல்லாம் ஒங்க வீட்டுல சண்டையே கேக்கறதில்ல, ரொம்ப சந்தோஷம்மா. கண்ணு பட்டுடப் போகுது" என்றாள். நானும் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன்.

நேற்று சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இனி முடியாது, கேட்டுவிடுவது என்று திரும்பினேன். அவர் முந்திக்கொண்டார். மேஜைமேல் இரண்டு கையையும் வைத்து, செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்:

"உனக்கு எப்பத் தோணுதோ..." கொஞ்சம் நிறுத்தினார். "அப்பக் கேளு. நான் இங்கதான் இருக்கேன்."

குட்டி, அது உன் வார்த்தை. நிறுத்துகிற இடம்கூட உன்னுடையது.

"குட்டிகிட்டப் பேசுனீங்களா?" என்றேன்.

"அப்பப்ப. நீ?"

"லெட்டர் போடுவேன்."

ஒரே டாக்டரிடம் ஒருவருக்கொருவர் தெரியாமல் போய்வந்து, வாசலில் முட்டிக்கொண்டவர்கள் மாதிரி நின்றோம். முன்பென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அதோடு நின்றுவிட்டது.

அப்புறம்தான் சொன்னார். கம்பெனிக்கு வேறு ஊரில் ஒரு கிளை இருக்கிறது, அங்கே மாற்றல் கேட்டிருந்தாராம். கிடைத்துவிட்டதாம். அடுத்த மாதம் போக வேண்டும். "நீயும் வரியான்னு கேக்கலாம்னுதான் இருந்தேன். உனக்கு இங்க கடை இருக்கு. உன்ன நெருக்கக் கூடாதுல்ல" என்றார். நெருக்கக் கூடாது! இந்த மனுஷன் வாயில் இப்படி ஒரு வார்த்தை எங்கேயிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதே இல்லை.

அவரிடம் என்னைப் பற்றி என்ன சொன்னாய்? நேராகச் சொல். இன்னொன்றும் கேட்கிறேன். ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் நாற்காலி நாற்காலியாகப் பிரித்து உட்காரவைக்கிறாயே, நீ எந்த வகை? அதை மட்டும் சொன்னதே இல்லை.

அண்ணி


ஏப்ரல் 27

அண்ணி,

எத்தனையோ தாள்களைக் கிழித்துவிட்டுக் கடைசியில் இதை எழுதுகிறேன். நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில்.

மார்ச்சில் உங்கள் கடிதம் என் கைக்கு வந்த அதே வாரம் அண்ணன் கூப்பிட்டான். என்ன நடந்தது என்று சொல்லவில்லை. "அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு குட்டி. ஆனா ஒண்ணுமே கேக்க மாட்டேங்குறா. கேக்காம இருக்குற ஆளே இல்ல அவ. எனக்குப் பயமா இருக்கு. நீதான் இதெல்லாம் படிச்சவ, சொல்லு, நான் என்ன பண்ணட்டும்?" என்றான்.

நான் சொன்னேன்: "அண்ணிக்கு ஒண்ணு வேணும்னா அந்த நிமிஷமே கேட்டுடுவாங்க. கேக்கலன்னா, அதத் தாங்குற தெம்பு இப்ப இல்லன்னு அர்த்தம். நீயா போய் அவங்க மேல கொட்டாத. நெருக்காத. அவங்களா கேக்கட்டும்." என்ன சொல்ல வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தேன்.

நீங்கள் ஏன் கேட்கவில்லை என்பது அந்த நிமிடம் எனக்குத் தெரியும். உங்கள் கடிதம் என் மேஜைமேல் இருந்தது. இருந்தும் வாய் திறக்கவில்லை. இருவர் ரகசியத்தையும் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். அவன் பயமாக இருக்கிறது என்றதைக்கூட அவன் தயாராகிறான் என்று எடுத்துக்கொண்டேன். நிதானிகள் அப்படித்தான் தயாராவார்கள் என்று படித்திருக்கிறேன். உங்களுக்குச் சொன்னது தனியாகப் பார்த்தால் சரி. அவனுக்குச் சொன்னதும் சரி. நாளைக்கு வகுப்பில் யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

நான் எந்த வகை? எனக்கே கேள்விகளைப் போட்டுப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை அல்ல. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வந்தது. யாரோடு இருந்துவிட்டு வருகிறேனோ அவர்களுக்குத் தோதான விடையை எழுதுகிறேன் போலிருக்கிறது. வீட்டிலும் வெளியிலும் நான் கேட்டுக்கொள்கிறவள். என்னைத் திருப்பிக் கேட்டவர் நீங்கள்தான். கேட்டதும் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

அதை விடுங்கள். அண்ணன் கிளம்புவதற்குள் கேளுங்கள். பழையபடி கத்திக் கேளுங்கள். நான் எந்த வாக்கியமும் எழுதித் தரவில்லை. கெஞ்சிக் கேட்கிறேன், அண்ணி, கேட்டுவிடுங்கள்.

குட்டி


மே 16

குட்டிக்கு,

கேட்டேன்.

உன் கடிதம் வந்த அன்றே கேட்கவில்லை. அதைத் தோள்பையில் வைத்துக்கொண்டு சில நாள் கடைக்கும் வீட்டுக்கும் நடந்தேன். நானாகக் கேட்பதற்கும் நீ சொல்லிக் கேட்பதற்கும் ஏதோ ஒரு வித்தியாசம் இருக்க வேண்டும் என்று தோன்றியது. அது என்னவென்று கண்டுபிடித்துவிட்டுக் கேட்கலாம் என்று நினைத்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

அவர் ஸ்பானர்களைத் துணியில் சுற்றிச் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன், பையைக்கூட இறக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "அன்னைக்கு என்னதான் நடந்துச்சு, சொல்லித் தொலைங்களேன்!" என் பழைய குரல்தான். வெகுநாள் கழித்து அதைக் கேட்டது எனக்கே ஆறுதலாக இருந்தது.

அவர் நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை.

"குட்டி கேக்கச் சொன்னாளா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். உன் கடிதம் என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. "ஆமா" என்றேன். "ஆனா நானும் தெனம் தெனம் கேக்கணும்னுதான்..."

"பரவால்ல, பரவால்ல" என்றார். உட்காரச் சொன்னார்.

சொன்னார், குட்டி. ஒன்றையும் விடவில்லை. சர்வீஸ் ரிப்போர்ட் படிக்கிற குரலில் சொன்னார். அவர்கள் இருவருக்குள் ஒரு பழக்கமாம். மேலே இருக்கிறவர் வேலை முடிந்ததும் லிஃப்ட் ஓடுகிற இரும்புத் தண்டில் ஸ்பானரால் இரண்டு தட்டுத் தட்டுவார். அது கேட்டால்தான் கீழே இருக்கிறவர் ஓட்டிப் பார்ப்பார். அன்றைக்குத் தட்டுச் சத்தம் வரவில்லை.

"வரலன்னா ஒரு குரல் குடுத்திருக்கணும். என்னடா, முடிச்சிட்டியான்னு ஒரு வார்த்த. குடுக்கல. அவன் கை வேகமான ஆளு. எத்தன வருஷமாப் பாக்குறேன். இந்நேரம் முடிச்சிருப்பான், தட்ட மறந்திருப்பான்னு ஓட்டிட்டேன். அவனப் பத்தித்தான் எனக்கு நல்லாத் தெரியுமே."

நான் பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்தேன். அவர் குனிந்து என் கையைப் பார்த்தார். இதுவும் யாரோ சொல்லிக்கொடுத்ததோ என்று பார்த்தது போலிருந்தது. அப்படி இல்லாமலும் இருக்கலாம். என்னால் இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. பிடித்த எனக்கே அது சந்தேகமாகத்தான் இருந்தது.

"இத்தன நாள் ஒரு வார்த்த கேக்காம, எவ்ளோ பொறுமையா இருந்த" என்றார். நன்றி சொல்கிறார்! என்னை இதுவரை யாருமே பொறுமைசாலி என்று சொன்னதில்லை, குட்டி. பெற்றவர்கள் சொன்னதில்லை, நீ சொன்னதில்லை. இவர் ஒருத்தருக்காவது நான் யார் என்று தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"நானும் வரட்டுமா?" என்றேன்.

"உன் இஷ்டம். யோசிச்சுச் சொல்லு, அவசரமே இல்ல."

வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். வா என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்பேன். அவசரமில்லை என்கிறவரிடம் என்ன சொல்வது?

கூட்டாளியின் வீட்டுக்கு இனி நான்தான் போக வேண்டும். அவர் மனைவிக்கு அந்தக் கண்ணாடி சரியில்லையாம், தலை வலிக்கிறதாம்.

உன்மேல் கோபம் இல்லை. நீ எழுதினால் படிப்பேன். ஆனால் யாரைப் பற்றியும் இனி உன்னிடம் எதுவும் கேட்க மாட்டேன். நீயும் எனக்கு எதுவும் சொல்லாதே. நல்லதாகவே இருந்தாலும் சொல்லாதே.

இன்று காலை கிளம்பினார். நானும் கூடவே கீழே இறங்கினேன். பெட்டியை வண்டியில் ஏற்றினோம். "நேரத்துக்குச் சாப்புடு" என்றார். "போய்ச் சேந்ததும் சொல்லுங்க" என்றேன். கையசைத்தோம். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு நல்ல ஜோடியாகத்தான் தெரிந்திருப்போம்.

திரும்பி வந்து லிஃப்ட்டுக்கு முன்னால் நின்றேன். பின்னால் யாரும் இல்லை. பட்டனை ஒரு தடவை அழுத்தினேன். கையைக் கீழே போட்டுக்கொண்டு நின்றேன்.

வந்தது.

அண்ணி